லண்டனில் பள்ளிக்கூடம் தேடிய படலம்

பெண்ணுக்கு நல்ல வரன் தேடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் லண்டனுக்குப் போய், என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்த பிறகு, அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். பத்து வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது அதைவிடக் கஷ்டமான காரியம். வரன் தேடும்போது ஜாதகமாவது கையில் இருக்கிறது!

தங்கையின் வீடு, நகரின் வடமேற்குக் கோடியில், ஹாரோ என்னும் பகுதியில் இருக்கிறது. தெருவில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். கடையில் முருங்கைக்காய் கிடைக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஒரு குன்றும், அதன் உச்சியில் மாதாகோயிலின் கூரிய கோபுரமும் தெரியும். அந்தக் குன்றின்மேல்தான் பிரசித்தி பெற்ற ஹாரோ பள்ளிக்கூடம் இருக்கிறது. 1905 முதல் 1907 வரையில் ஜவாஹர்லால் நேரு படித்த இடம் அது. 1572-ல் எலிஸபெத் மகாராணி சாஸனம் அளித்து ஏற்பட்டது.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் தங்கை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "மாமா! மகாராணி ஒரு பெண்தானே? பின்னே, அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்களை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை?" என்று கேட்டாள்.

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "முதலில் உன் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம், வா!" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

மகாலும் மாணவிகளும்

அந்த ஊரில் குழந்தைகள் பதினொரு வயதில் ஆரம்பப் பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். சர்க்கார் பள்ளிகளில் சம்பளம் கிடையாது. சர்க்கார் பணம் வாங்காமல் சுயேச்சையாக நடக்கும் பள்ளிகளில் சம்பளம் உண்டு. எவ்வளவு என்கிறீர்களா? நாங்கள் பார்க்கப் போன மாதிரிப் பெண்கள் பள்ளிகளில் வருஷத்துக்கு 25,000 பவுனுக்குக் குறையாது. 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் அந்தச் சம்பளத்தின்மீது நூற்றுக்கு 20 வீதம் வரியும் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயது வரையில் ஏழு வருஷப் படிப்புக்கு, நம் ஊர்க் கணக்கில், 2 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். இதை மாப்பிள்ளை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் நார்த் லண்டன் காலேஜியேட் பள்ளிக்குப் போனோம். வெம்பிளி பார்க்கில் ரயில் மாறி, கானன்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தோம். பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டு போனால் எதிரே ஒரு ஜமீன் மாளிகை நிற்கிறது! விசாலமான புல்வெளி, பெரிய பெரிய மரங்கள். ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஷாண்டோஸ் பிரபுவின் அரண்மனை இருந்தது. ஹாண்டெல் என்னும் சங்கீத மேதை 1717-லும் 1718-லும் அந்தப் பிரபுவின் ஆதரவில் கீர்த்தனங்கள் இயற்றினார்.

ஆனால் பள்ளியின் பூர்வோத்தரத்தில் பிரபுவும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஓவியம் தீட்டியும் படம் செதுக்கியும் பிழைத்த ஒருவரின் குடும்பம் இருந்தது. வருமானம் போதாத குடும்பம். அந்த வீட்டுப் பெண் பிரான்ஸெஸ் மேரி பஸ், 1850-ல், தமது இருபத்திரண்டாவது வயதில், கேம்டன் டவுனில் தம் குடும்பத்தார் இருந்த வீட்டிலேயே இந்தப் பள்ளியை ஆரம்பித்தார். தகப்பனார் சித்திரம் சொல்லிக் கொடுத்தார். பெண்ணுக்குத் தையலும் பியானோவும் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது. 1863-ல் கேம்பிரிட்ஜ் பரீட்சையைப் பெண்களும் எழுதிப் பார்க்கலாம் என்று சோதனையாக அனுமதித்தபோது, பலர் கணக்கில் தவறிவிட்டார்கள். உடனே மிஸ் பஸ் என்ன செய்தார்? பெண்களுக்குக் கணக்கு வராது என்று தீர்மானிக்கவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் திருத்தினார். 1865-ல் அந்தப் பரீட்சை பெண்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது.

"இதுதான் நம் குழந்தைக்கு ஏற்ற இடம்!" என்றாள் தங்கை. மாப்பிள்ளை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாவித்திரியைப் பாடிய வாத்தியார்

இரண்டாவது, ஹாமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளி. ஜான் காலட் என்னும் பாதிரியார் 1509-ல் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி ஏற்படுத்தி, அதற்காகத் தம் சொத்தை மெர்ஸர்ஸ் என்னும் ஜவுளி வர்த்தக சங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அந்தத் தர்மத்திலிருந்து பெண்களுக்கு ஒரு பள்ளி பிறந்தது 1904-ல். நடுவில் 395 வருஷம்! அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்க, தம்பிக்கு மட்டும் நாலு நூற்றாண்டு பாயசம் பரிமாறின கதைதான்.

இங்கே 1905 முதல் 1934-ல் காலமாகும் வரையில் சங்கீதம் கற்பித்தவர் கஸ்டவ் ஹோல்ஸ்ட். இவர் ரிக்வேத சூக்தங்களைப் படிப்பதற்காகவே ஸம்ஸ்கிருதம் கற்றுக்கொண்டு, அவற்றை மொழிபெயர்த்து இசை அமைத்தவர். 1908-ல் நம்முடைய சாவித்திரி கதையை இசை நாடகமாக்கினார். அவருக்கென்று வெளிச் சத்தம் நுழையாத ஓர் அறையைப் பள்ளிக்கூடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எமனோடு வாதாடி ஜயித்த பெண்ணின் கதையில் மனம் பறிகொடுத்தவர், பெண் குழந்தைகளுக்கு வாத்தியாராக அமைந்தது எவ்வளவு பொருத்தம்! உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பை எக்ஸ்ரே படத்தில் காட்டிய ரோஸலிண்ட் பிராங்க்ளினும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

இங்கே மாணவிகளுக்குச் சீருடை கிடையாது. அதைக் கேட்டதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. "தினமும் காலையில் எந்தச் சட்டை என்று ஒரு யுத்தம் நடக்கும்" என்று தங்கையின் முகம் சுருங்கியது. போக வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார்.

மூன்றாவது, ஸிட்டி ஆப் லண்டன் பெண்கள் பள்ளி. வில்லியம் வார்ட் என்பவர் எழுதி வைத்த பணத்தைக் கொண்டு 1894-ல் திறக்கப்பட்டது. 1969 முதல் பார்பிகனில் இருக்கிறது. ஹாரோவில் ஏறினால் மாறாமல் பார்பிகனில் இறங்கலாம். யுத்தத்தில் குண்டு விழுந்து தரைமட்டமான இடத்தில் எழுப்பிய கான்கிரீட் நகரம் அது. வானளாவும் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு தடாகம்; தடாகத்தின் கரையிலே பள்ளி. மரமும் புல்வெளியும் கண்ட கண்ணுக்கு முதலில் கோட்டைச் சுவர் மாதிரிதான் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் பெண்களின் சிரிப்பு கேட்டபோது கோட்டை மறந்துபோயிற்று.

திரும்பும் வழியில் எங்கள் பட்டியலில் இல்லாத நாலாவது பள்ளி ஒன்றையும் வெளியிலிருந்து பார்த்தோம். கேம்டன் பெண்கள் பள்ளி. அதிகச் சம்பளம் கொடுக்க முடியாத குடும்பங்களுக்காக அதே மிஸ் பஸ் 1871-ல் ஏற்படுத்தியது. இன்று அது சர்க்கார் பள்ளி, சம்பளம் இல்லை. பெரும்பாலும் பக்கத்தில் வசிப்பவர்களுக்கே இடம் கிடைக்கும். ஆகையால் எங்களுக்கு ஆசைப்பட வழியில்லை. ஆனாலும் அதன் வாசலில் வெகு நேரம் நின்றேன். ஒரே தாய் பெற்ற இரண்டு பெண்கள். ஒருத்தி மாளிகையில் வாழ்க்கைப்பட்டாள். மற்றொருத்தி பிறந்த வட்டாரத்திலேயே ஊர்க் குழந்தைகளை வளர்க்கிறாள். யார் உசத்தி என்று எப்படிச் சொல்வது?

நடு இரவு மாநாடு

அன்றிரவு குழந்தை தூங்கிய பிறகு மாநாடு கூடியது.

"நீங்கள் சொல்லுங்கள், அண்ணா! உங்களுக்கு எது பிடித்தது?" என்றாள் தங்கை.

நான் என் சொந்தக் கதையைச் சொன்னேன். பல வருஷங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு பெரிய பள்ளியின் வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்று, விண்ணப்பத்தாள் வாங்கி, என் மகளைச் சேர்த்தேன். பெயர் சொன்னால் ஊரே தலையசைக்கும் பள்ளி. அங்கே, "கேள்வி கேட்காதே, எழுது" என்பதுதான் முதல் பாடம். வீட்டில் ஓயாமல், 'ஏன், ஏன்' என்று துளைத்துக்கொண்டிருந்த குழந்தை, ஆறே மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். 'பெண் அடக்கமாகிவிட்டாள்' என்று நான் சந்தோஷப்பட்டேன்! விஷயம் புரிந்து வேறு பள்ளியில் சேர்க்க இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் மறுபடியும் ஒரு கேள்வி கேட்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?

"ஆகையால் பெயரைப் பார்க்காதே. நீங்கள் இருவரும் பரீட்சைத் தேர்ச்சி எண்ணிக்கையைக் கேட்க மண்டபத்துக்குப் போயிருந்தபோது ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்" என்றேன்.

அது எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லப் போவதில்லை. விஞ்ஞானக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குச்சிப்பூச்சிகள் இருந்தன. "இது தூங்குகிறதா, விழித்திருக்கிறதா?" என்று குழந்தை கேட்டாள். வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு வயது பதினாலு இருக்கும். "எனக்குத் தெரியவில்லையே! வா, கேட்போம்" என்று ஆசிரியையிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாளோ, "அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்? நீயே சொல், பார்ப்போம்" என்றார். பிறகு மூன்று பேரும் மூக்கு கண்ணாடியில் படும்படியாகக் குனிந்து, பத்து நிமிஷம் அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியையின் பிரசங்கத்துக்கு நேரமாகிவிட்டதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார். "எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது? உதவிச் சம்பளத்துக்கு மனுப் போடலாம் என்கிறார்கள். முழுச் சம்பளம்கூடத் தள்ளிக் கொடுப்பதுண்டாம். ஆனால் வருமானம், வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பிறர் தர்மத்தில் என் பெண் படிப்பதா?"

"மாப்பிள்ளை! காலட் பாதிரியாரின் தர்மத்தில் ஆண்பிள்ளைகள் 395 வருஷம் படித்தார்கள். அவர்களில் ஒருவராவது வெட்கப்பட்டதாகக் கேள்விப்பட்டீர்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அது சிரித்துத் தள்ளும் விஷயம் அல்ல. உதவி கிடைத்தால் அந்தப் பள்ளி. கிடைக்காவிட்டால் கடன் வாங்கி வீட்டை அடகு வைப்பதில்லை. பக்கத்துச் சர்க்கார் பள்ளியில் சேர்த்து, 'ஏன்' என்ற கேள்வியை வீட்டில் வாடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு மாளிகையும் புல்வெளியும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

நான் சென்னை திரும்பிய சில மாதங்களுக்குப் பிறகு குழந்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "மாமா! குச்சிப்பூச்சி வாங்கி வளர்க்கிறேன். பகலில் அசையாமல் இருக்கிறது. இரவில் நடந்து இலை தின்கிறது. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள். அடியில் அவள் அம்மா ஒரு வரி சேர்த்திருந்தாள்: "பரீட்சை எழுதிவிட்டாள், அண்ணா. உதவிச் சம்பள மனுவில் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்."

முடிவு எப்படியானாலும் எனக்குக் கவலையில்லை. குழந்தை இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.