பெயர் தெரிந்த கப்பல்

மாமாவின் பலநாள் படகு திருகோணமலைக்குக் கிழக்கே வலை விட்டுக் கிடந்த ஒரு இரவில், சரக்குக் கப்பல் ஒன்று மிகக் கிட்டத்தால் போயிருக்கிறது. "மதில் ஒண்டு நகர்ந்து போன மாதிரி" என்றதோடு மாமா கதையை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள், "தம்பி, கப்பல் வாறதைக் காட்டுற சாமான் இருக்காமே, எது நல்லதெண்டு பார்" என்றார். போன் திருத்தத் தெரிந்ததால் எங்கட வீட்டில் நான்தான் எஞ்சினியர்.

அது ஏ.ஐ.எஸ். றிசீவர். சர்வதேசப் பயணம் போகிற 300 தொன்னும் அதற்கு மேலுமான கப்பல்கள் தங்கள் பெயர், இடம், திசை, வேகத்தை வி.எச்.எஃப். அலையில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. கப்பல் மாறி மாறி இரண்டிலும் அனுப்பும். மலிவான பெட்டிகள் சில ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும், பாதித் தகவல் தவறிவிடும். அதை முதலே கழித்தேன். 20 நொட்டில் வாற கப்பலுக்கு 10 கடல்மைல் அரை மணித்தியால வேலை. போனில் காட்டுகிற வகையும் வேண்டாம், நித்திரையில் கிடக்கிறவரை எழுப்பத் தனி அலாரம் வேணும். அன்ரனாவை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு தூரம் கேட்கும்.

"அப்ப எங்களையும் அவங்களுக்குத் தெரியுமோ?"

ஓம் என்றிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பார். "இல்லை மாமா. இது கேக்கும், கதைக்காது."

"படகில ஏற்கனவே ஒரு பெட்டி இருக்கே?"

அது செய்மதி வழியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்கு இடம் சொல்கிற பெட்டி. கப்பலுக்கு அது தெரியாது. எங்களையும் காட்டுகிற கருவிக்கு விலை பல மடங்கு, தனி அடையாள இலக்கமும் எடுக்கவேண்டும். இந்த வருசம் ஏலாது. கருவி பூட்டாத மற்றப் படகுகளும் திரையில் வராது. திரை வெறுமையாக இருந்தாலும் கண் முழிச்சிருக்கத்தான் வேணும்.

வலை தண்ணியில் கிடக்கிற நேரம் படகு விலகவும் ஏலாது. பிறகு எதுக்கு இந்தச் செலவு என்று மாமி கேட்டா. எனக்குச் சரியாகப் பட்ட ஒரே பதில் கப்பலின் பெயர். பெயர் தெரிந்தால் சனல் 16இல் அந்தக் கப்பலையே கூப்பிடலாம்.

"கூப்பிட்டு? எனக்கு இங்கிலீசு வருமே?"

கொப்பி மட்டையொன்றில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: 'பிஷிங் போட். நெற்ஸ் இன் வோட்டர். ப்ளீஸ் கீப் கிளியர்.' முதலில் கப்பலின் பெயரை மூன்று தரம் சொல்லவேண்டும்.

இப்ப பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து பாடமாக்குகிறார். கப்பல் இல்லாததால் மாமியின் பெயரைத்தான் மூன்று தரம் கூப்பிடுகிறார்.