ரிமோட்டைக் கீழே வச்சுட்டுப் பார்த்த படம்

1/ ஞாயித்துக்கிழமை, கிளினிக் லீவு. அதனால இன்னிக்கு சுகரும் பிரஷரும் கிடையாது மக்களே, தைரியமா படிங்க. 2024-ல் வந்த மூணு படங்களைப் பத்தி என் கருத்து மட்டும்தான். கடைசியில் கொஞ்சம் மருத்துவம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கோங்க.

2/ மஞ்சும்மல் பாய்ஸ். தியேட்டர்ல பார்த்தேன். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாவே நடந்த சம்பவம். குழிக்குள் விழுந்த நண்பனை மீட்க இன்னொருத்தன் கயிறு கட்டி இறங்குறான். ஆரம்பக் குடி, கும்மாளம் எல்லாம் எனக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பட்டுச்சு. முடிவும் முன்னாடியே தெரியும். ஆனா அவங்க மேல வரும்போது அந்தக் குணா பாட்டு ஒலிச்சதும் மொத்த தியேட்டரும் கை தட்டிச்சு. பக்கத்து சீட்காரர் யாருன்னே தெரியாது, என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

3/ வாழை. வீட்ல பார்த்தேன். மாரி செல்வராஜ் தன் சிறுவயசு அனுபவத்தில் இருந்து எடுத்த படம். வாழைத்தார் ஏத்தின லாரி மேல ஆட்கள் ஏறி உட்கார்ந்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. விபத்துப் பிரிவில் ஒரு வருஷம் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் கலங்கும். உடனே நிறுத்திட்டேன். தண்ணி குடிச்சேன், போனை நோண்டினேன். மீதியை மறுநாள் காலையில் காபியோடு பார்த்தேன். அந்தப் பையனோட பசி பாதிதான் உள்ள இறங்குச்சு. தப்பு படத்து மேல இல்ல. ரிமோட் கையில இருந்ததால நான் தப்பிச்சு ஓடிட்டேன்.

4/ மெய்யழகன். இதையும் வீட்லதான் பார்த்தேன், ரெண்டு தடவை. முதல் தடவை நடுவில் ரெண்டு போன், அப்புறம் வாட்ஸ்அப். "என்னடா, பேசிக்கிட்டே இருக்காங்க" என்று பத்து பத்து விநாடியாத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இழுவை"ன்னு தீர்ப்பும் சொல்லிட்டேன். வீட்டம்மா ஒரே வார்த்தைதான் கேட்டாங்க: "நீங்க எப்போ பார்த்தீங்க?"

5/ ரெண்டாவது தடவை போனைப் பக்கத்து ரூம்ல வச்சுட்டு உட்கார்ந்தேன். சொந்த ஊரை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல ஆன அரவிந்த் சாமி. அவரை விழுந்து விழுந்து கவனிக்கும் கார்த்தி. இவருக்கோ அவன் பேரே ஞாபகம் வரல. ஒரு பழைய சைக்கிள் கதையைக் கார்த்தி சொல்லும் இடத்தில் கண்ணு கலங்கிடுச்சு. முதல் தடவை நான் தள்ளிவிட்டுப் பார்த்த இடம் அது!

6/ இந்தப் படம் வெளியான சில நாட்களில் நீளம்னு சொல்லி 18 நிமிடம் அளவுக்கு வெட்டினாங்க. எனக்கு வேறொரு 18 ஞாபகம் வந்துச்சு. 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிடுறார். படிக்கிற காலத்தில் இதைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். நானும் அதே ஆள்தான்னு இப்போதான் உறைச்சுது.

7/ அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். "கேஸ் தொல்லை, மாத்திரை குடுங்க போதும்." பேனா எடுத்துட்டேன். அவர் வயல், வரப்பு, மோட்டார் ரூம்னு ஆரம்பிச்சார். வெளியே இருபது பேர் காத்திருக்காங்க. வழக்கமா "சரிங்க ஐயா"ன்னு வெட்டிவிடும் இடம். அன்னிக்கு பேனாவைக் கீழே வச்சுட்டேன்.

8/ ரெண்டே நிமிஷம்தான். மோட்டார் போட மேடு ஏறினா நெஞ்சை அடைக்குதாம். நின்னா சரியாயிடுதாம். ஒரு மாசமா இப்படி. அது கேஸ் இல்லை மக்களே, இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலியின் பாடப்புத்தக விவரிப்பு. அன்னிக்கே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். அடைப்பு இருந்தது, சிகிச்சை நடந்தது. இப்போ நல்லா இருக்கார்.

9/ இதுக்கு முன்னாடி எத்தனை பேரைப் பாதியில் வெட்டி அனுப்பினேன்னு கணக்கு தெரியல. அந்த உறுத்தல் அப்படியே இருக்கு. நீங்களும் டாக்டர் குறுக்கே பேசினா "இன்னும் ஒண்ணு இருக்கு சார்"னு தயங்காம சொல்லிடுங்க.

10/ மூணு படமும் நல்ல படங்கள். வாழையை மட்டும் நான் இன்னும் ஒருதடவை, ஒரே மூச்சில் பார்க்கணும். நீங்க "இழுவை"ன்னு பாதியில் விட்ட படம் எது? சொல்லுங்க, அடுத்த ஞாயிறு அதைப் பார்த்துட்டு வரேன். போனை வேற ரூம்ல வச்சுட்டுத்தான்.