குழாய் வேர்க்கும் இடம்

பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 13-இல் பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அலுவலகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவருகின்றன. அப்படி மாறிய கட்டடம் ஒன்றில் ஏர்கோன் குழாய்களை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மூன்றாம் மாடியில் பாதி சிலிங்கைக் கழற்றியிருந்தார்கள். மீதிப் பாதி முழுக்கப் பழுப்புக் கறை. கண்டபடி சிதறிய கறையில்லை. ஒரே நேர்கோட்டில், ஏறக்குறைய எட்டடிக்கு ஒன்றாக வரிசை பிடித்திருந்தது.

"பிளானே வேணாம் தம்பி. கறையைப் பாத்தாலே பைப்பு எங்க போவுது, ஹேங்கர் எங்க நிக்குதுன்னு சொல்லிரலாம்," என்றார் இன்சுலேஷன் வேலையை எடுத்திருக்கும் அண்ணன். கிள்ளான்காரர். தலைமுடி நரைத்தும் ஏணியில் ஏறுவதை விடாதவர்.

குழாய் ஓட்டையாகி ஒழுகிய தண்ணீர் அல்ல அது. காற்றிலிருந்து வந்தது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் நமக்குச் சாதாரண நாள். அந்தக் காற்று 26 பாகைக்குச் சற்று மேலே இருக்கும்போதே நீராகப் படியத் தொடங்கிவிடும். சிலிங்குக்கு மேலே ஓடும் குழாயில் இருப்பதோ 7 பாகைத் தண்ணீர். குழாய்க்குப் போர்த்தும் கறுப்பு ரப்பர் நுரையின் வேலை, தன் வெளிமேனியை அந்த 26-க்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பதுதான்.

கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மில்லிமீட்டர் நுரை என்றால் வெளிமேனி 26.3 பாகையில் நிற்கிறது. மயிரிழையில் தப்பிக்கிறது. அதே நுரை, குழாயைத் தாங்கும் ஹேங்கரில் நசுங்கி 8 மில்லிமீட்டர் ஆனால் 21 பாகைக்கு வந்துவிடுகிறது; அங்கே வேர்க்காமல் என்ன செய்யும்? கடைசியில், குழாய் நெடுகிலும் எவ்வளவு தடிமனாகப் போர்த்தினோம் என்பதைவிட, எட்டடிக்கு ஒரு முறை அதை எது, எப்படித் தாங்குகிறது என்பதுதான் சிலிங்கின் தலையெழுத்தை எழுதுகிறது.

தாங்கும் சுமையும் லேசானதல்ல. ஆறு அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு 28 கிலோ. உள்ளே இருக்கும் தண்ணீர் இன்னும் 18 கிலோவுக்கு மேல். எட்டடி இடைவெளி என்றால் ஒவ்வொரு ஹேங்கரிலும் நூறு கிலோவைத் தாண்டிய பாரம், நான்கு விரல் அகலம்கூட இல்லாத இரும்புப் பட்டையில் உட்காருகிறது. பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் விரலால் அமுக்கினாலே குழிகிற நுரை. பழைய குழாயில் அண்ணன் ஓரிடத்தைக் காட்டினார். பட்டை இருந்த இடத்தில் நுரை அப்பளமாய் ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது. கத்தியால் கீறியதும் உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அடியில் இரும்பு செதில் செதிலாகத் துரு.

கிழிந்த இடத்தில் ஈரக்காற்று புகுந்துவிட்டால் கதை வேறு. நுரையைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 17 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நனைந்த நுரை குழாயைக் காப்பதில்லை, துருவைத்தான் காக்கிறது.

இந்த ரப்பர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டாலிங் ஜெயாவே 1950களில் ரப்பர் தோட்டத்தின் மீது எழுந்த ஊர். நம் தாத்தா பாட்டிமார் பால் மரம் சீவிய மண்ணில், இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் குழாய்க்கு ரப்பர் போர்த்துகிறார்கள். ஆனால் இது மரத்துப் பாலில் வந்த ரப்பர் இல்லை. பெட்ரோலிய வழியில் செய்யும் நைட்ரைல். கிள்ளானிலேயே சூப்பர்லோன் என்ற நிறுவனம் தயாரிக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ரெண்டுமே கையில ஒட்டும்," என்றார்.

சரி, எதை வைத்துத் தாங்குவது? பழைய ஆட்களுக்குச் சுலபமான வழி, பட்டையை நேராகக் குழாயிலேயே கவ்வவிட்டு அதற்கும் சேர்த்து நுரை சுற்றிவிடுவது. பாரத்துக்கு அதைப் போல உறுதி வேறில்லை. ஆனால் பட்டையிலிருந்து மேலே போகும் திருகுக்கம்பியும் இரும்புதானே? குளிர் அதில் ஏறி, கம்பி ஓரடிக்கு வேர்த்துச் சொட்டுகிறது. அதற்கு அடுத்து வந்தது மரக்கட்டை. குழாய் அளவுக்கு அரைவட்டம் வெட்டி, தார் பூசி, பட்டைக்குள் வைப்பார்கள். இன்றும் பல இடங்களில் அதுதான். கெட்டி மரம் நுரையைவிட நாலு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். அதே 25 மில்லிமீட்டர் கணக்கில் மரக்கட்டையின் வெளிமேனி 20 பாகைக்கும் கீழே போகிறது. தடிமனை இரட்டித்தாலும் 23-ஐத்தான் தொடுகிறது. நம் ஊர் ஈரத்தில் மரக்கட்டை வேர்க்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். பிறகு பூசணம், பிறகு உளுத்துப்போதல்.

இந்த வேலைக்கு வந்திருந்தவை கெட்டியான பியூ (பாலியூரித்தேன்) நுரைக் கட்டைகள். இரண்டு அரைவட்டத் துண்டு, வெளியே அலுமினியத் தாள். கையில் எடுத்தால் கட்டைபோல இறுகியிருக்கும், கனம் மட்டும் இருக்காது. பாரத்தையும் தாங்கும், குளிரையும் தடுக்கும். சிறிய குழாய்களுக்கு இன்னொரு வகை வைத்திருந்தார்கள்: ரப்பர் நுரைக்குள்ளேயே கெட்டித் துண்டுகளைப் பதித்து, சுற்றிலும் தகடு வைத்தது. பார்க்க அழகு. விலையும் அப்படித்தான். என்னைக் கேட்டால், பெரிய குழாய்க்கு பியூ கட்டையும் அகலத் தகடும் இருந்தால் போதும். காசை மிச்சம் பிடித்து ஒட்டும் வேலைக்குப் போடலாம்.

ஒட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏணி மேல் இருந்தவர் வங்காளதேசத்து இளைஞர். இரண்டு அரைவட்டத்தின் வெட்டு முகங்களிலும் பசை தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கீழிருந்து அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "பெலும் கெரிங், பாஸ்," என்றார் அவர். இன்னும் காயவில்லையாம். புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டாத பதம் வந்த பிறகே இரண்டையும் சேர்த்து அழுத்தினார். அடுத்து ரப்பர் நுரைக் குழல். அதை இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமாகவே வெட்டியிருந்தார். இழுத்துப் பிடித்து ஒட்டினால் ஒரு மாதத்தில் சுருங்கி வாய் பிளக்கும். நீளமாக வெட்டி நெருக்கித் தள்ளினால் கட்டையோடு தானாகவே முட்டிக்கொண்டு நிற்கும். குழல் முனையின் உள்பக்கத்தைக் குழாயோடும் சேர்த்து ஒட்டினார். எங்காவது ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தாலும் அந்த எட்டடிக்குள்ளேயே அடங்கட்டும், அடுத்த பகுதிக்கு ஓடாமல் இருக்கட்டும் என்பதற்காக.

குழாய் நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. 60 மீட்டர் இரும்புக் குழாய் 30 பாகையிலிருந்து 7-க்குக் குளிர்ந்தால் 16 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தால் ஒட்டு பிய்ந்துகொள்ளும். ஓரிடத்தில் அசையாமல் பிடித்து, மற்ற இடங்களில் தகடு வழுக்கிப் போக விடவேண்டும். மாடிக்கு மாடி நேராக ஏறும் குழாயில் வெறும் இறுக்கத்தை நம்ப முடியாது. குழாயில் காது பற்றவைத்து, அந்தக் காதைக் கெட்டிக் கட்டையின் மேல் உட்கார வைக்கிறார்கள்.

குளிர்கிடங்கு என்றால் இதெல்லாம் இன்னும் கடுமை. அங்கே புகுந்த ஈரம் பனிக்கட்டியாகி 9 விழுக்காடு பருத்து நுரையை உள்ளிருந்தே கிழிக்கும். நம் தாமான் வீடுகளின் ஏர்கோனிலும் இதே கதையின் சிறிய பதிப்பு உண்டு: செம்புக் குழாய் மேல் நுரை, அதன் கழுத்தை நெரிக்கும் பிளாஸ்டிக் கட்டு. சுவரில் பாசி படிந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள், கட்டு இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கறை விழுகிறது? மதியம் கோப்பி குடிக்கும்போது அண்ணன் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஹேங்கர், குழாய் போடுபவர் கணக்கு. அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி. எந்தக் கட்டை மலிவோ, எது சீக்கிரம் மாட்டுமோ அதைத்தான் மாட்டுவார். அவர் போன பிறகு இன்சுலேஷன்காரர் வருகிறார். பட்டைக்குள் கட்டை இல்லையென்றால் நூறு கிலோ குழாயைத் தூக்கி அவர் எப்படிச் செருகுவார்? பட்டையைச் சுற்றிச் சமாளித்துவிட்டுப் போகிறார். அதற்கும் பிறகு சிலிங்காரர் மூடிவிடுகிறார். சில மாதம் கழித்துச் சொட்டும்போது தொலைபேசி இன்சுலேஷன்காரருக்குத்தான் வருகிறது. "காசு அவனுக்கு, ஏச்சு எனக்கு லா," என்றார்.

அதனால் இந்த முறை முதல் குழாய் மேலே ஏறுவதற்கு முன்பே கட்டைகளைக் குழாய்க்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். குழாய் வேலையின் சூப்பர்வைசர், ஒரு சீனர், பெரிய குழாய்களுக்கு ஒத்துக்கொண்டார். தகராறு, காற்றைக் குளிர்விக்கும் பெட்டியிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாயில். அது வெறும் பிளாஸ்டிக்தானே, யூ போல்ட் போதும் என்பது அவர் பக்கம். உள்ளே ஓடுவதும் குளிர்ந்த தண்ணீர்தான், பெட்டிக்குப் பக்கத்தில் அதுவும் வேர்க்கும் என்பது அண்ணன் பக்கம். இருவரும் மலாயில் உரக்கப் பேசிக்கொண்டார்கள். பெட்டியிலிருந்து முதல் சில ஹேங்கர்களுக்குக் கட்டை, அதற்கப்பால் யூ போல்ட் என்று முடிவானது. அந்தக் கூடுதல் கட்டைக்கு யார் காசு கொடுப்பது என்பது முடிவாகவில்லை.

"அத மீட்டிங்ல பேசிக்குவோம்," என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏணிக்காரரைப் பார்த்தார். "கட்டைய இன்னிக்கே ஏத்திரு."