கேசட்டில் வந்த கடுதாசி

எண்பதுகளில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் வீடுகளுக்குக் கடுதாசி இரண்டு விதமாக வரும். ஒன்று ஏரோகிராம். இன்னொன்று கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பாட்டுக் கேட்கும் சாமானாகத்தான் இன்று பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பாட்டுக்கு முன்னால் அதில் வந்தது அப்பாவின் குரல்.

அப்பா தம்மாமில் வேலை பார்த்தார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல யாராவது எழுதித் தர வேண்டும். எழுதுகிறவர் பக்கத்து வீட்டு ஆள் என்றால் பங்காளி வரப்பை வெட்டியதையோ மருமகள்மேல் உள்ள மனத்தாங்கலையோ எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தன் நடையில்தான் எழுதி முடிப்பார். விடுப்பில் வந்த அப்பா ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னை வைத்துவிட்டுப் போன பிறகுதான் அப்பாயியின் பேச்சு அவள் பேச்சாகவே கடல் தாண்டியது.

பிளே, ரெக்கார்டு இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவது என் வேலை. அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்கு எதிரில் உட்காருவாள். “ஏய்யா, அந்த ஊரு சோறு ஒத்துக்குதா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். பதில் வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். நாடா ஓடிக்கொண்டே இருக்கும், அந்த மௌனமும் பதிவாகும். அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் பின்னால் சொன்னார்: அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா, “ஒத்துக்குது ஆத்தா” என்று வாய்விட்டே பதில் சொல்வாராம்.

பேச்சோடு ஊரும் போய்ச் சேர்ந்தது. தொழுவத்து மாட்டு மணி, அம்மா அம்மியில் அரைக்கிற சத்தம், கடைசி பஸ்ஸின் ஹாரன் எல்லாம் போகும். “பம்ப்செட்டு சத்தமே கேக்கலையே, மோட்டார் ரிப்பேரா?” என்று ஒரு தடவை அப்பா பதில் கேசட்டில் கேட்டார். ரிப்பேர்தான். நாங்கள் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. இன்றைய போனில் இரைச்சலை வடிகட்டும் நுட்பம் இருக்கிறது. அது பேசுகிறவரின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மாட்டு மணியையும் அம்மிச் சத்தத்தையும் இரைச்சல் என்று கழித்துவிடுகிறது.

அப்பாவின் கேசட்டை யாரும் தனியாகக் கேட்டதில்லை. சித்தப்பா வர வேண்டும், அத்தை வர வேண்டும், அதே தம்மாமில் மகன் இருக்கிற எதிர்வீட்டு அம்மாவும் வர வேண்டும். ‘ஏ’ பக்கம் 30 நிமிடம் எல்லோருக்கும். ‘பி’ பக்கம் அம்மாவுக்கு. எல்லோரும் படுத்த பிறகு அம்மா சத்தத்தைக் குறைத்து, பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்பாள்.

தம்பி இப்போது கத்தாரில் இருக்கிறான். தினமும் வீடியோ காலில் வருகிறான். அப்பாயி இறந்த சேதி தந்தியில் போய், அப்பா ஊர் வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது. அந்தக் கொடுமை இனி யாருக்கும் வேண்டாம். ஆனால் தினமும் பேசுகிறவனிடம் முழுதாக அரை மணி நேரம் யாரும் பேசுவதில்லை. ‘சாப்பிட்டியா, சரி, வைக்கட்டுமா’ என்பதோடு முடிகிறது. வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் குரல் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. பெற்றவள் நிறுத்தி நிதானமாகப் பேசியதை விரட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கேசட்டுக்கும் ஒரு குறை உண்டு. ஊர் வருகிற ஆள் கையில் அப்பா கொடுத்துவிட்ட கேசட்டிலேயே நாங்கள் பதில் பேசி, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். புதிதாகப் பேசப் பேச ரெக்கார்டர் பழையதை அழித்துக்கொண்டே போகும். அப்படித்தான் எத்தனையோ பேச்சுகள் போயின. எங்களிடம் மிஞ்சியது ஒன்று. அதில் அப்பா தீபாவளிக்கு அனுப்பிய பணத்தைப் பற்றிப் பேசி முடிக்கிறார். ஒரு ‘டக்’. அடுத்த நொடி, பாதி வாக்கியத்திலிருந்து அப்பாயி தொடங்குகிறாள்: “...கன்னுக்குட்டி முட்டிப்போட்டுச்சு, இப்ப தேவலைய்யா.” அப்பா அன்று குறைவாகப் பேசியதால் அழியாமல் தங்கிய குரல் அது. அப்பாயியின் குரலாக எங்களிடம் இருப்பது அது மட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கேசட் கிடக்கலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், அது ஹெட்டையும் கெடுக்கும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றித் தருவார்கள். ஓடுகிற பிளேயர் ஒன்றை இரவல் வாங்குங்கள். வேறு வழியில்லையென்றால் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தாவது பதிவு செய்யுங்கள். பேசி முடித்ததும் நிறுத்திவிடாமல் கடைசி வரை ஓடவிடுங்கள். இது இன்னார் குரல் என்று அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.