பிறந்த வீடும் பெரிய குளமும்: திருவாரூருக்கு ஒரு வார இறுதி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வல்லம் வடகால் சிப்காட் சாலைகளில் தோள்பைகள் நகர ஆரம்பித்துவிடும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டால் தமிழ்நாட்டு வரைபடத்தையே ஒப்பிப்பார்கள். யாராவது “திருவாரூர்” என்றால் பக்கத்தில் இருப்பவர் அநேகமாக இப்படித்தான் கேட்பார்: “பெரிய தேர் இருக்குமே, அந்த ஊரா அக்கா?”

ஆமாம், அந்த ஊர்தான். ஆழித்தேர் 96 அடி உயரம். அதைச் சொன்னாலே பெருமையாக இருக்கும். ஆனால் அந்தத் தேர் சுற்றும் வீதிகளையொட்டிப் பதின்மூன்று வருட இடைவெளிக்குள் மூன்று குழந்தைகள் பிறந்தன. 1762-ல் சியாமா சாஸ்திரி, 1767-ல் தியாகராஜர், 1775-ல் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் மூவருமே ஒரே ஊர்க்காரர்கள். உலகத்தில் வேறு எந்த ஊருக்கு இப்படி ஒரு யோகம் வாய்த்ததோ தெரியவில்லை. இருந்தும் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் தேரைப் பார்த்து, குளத்தைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த மூன்று வீடுகள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பிறந்த ஊரைக் கொண்டாடுவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பக்கத்திலேயே ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ஆனால் திருவாரூருக்குப் பிறப்போடு தனிக் கணக்கு ஒன்று உண்டு. சிதம்பரத்தைத் தரிசித்தால் முக்தி, திருவண்ணாமலையை நினைத்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, திருவாரூரிலோ பிறந்தாலே முக்தி என்பார்கள். பிறப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் எங்கே பிறப்பது என்பதுதான் நம் கையில் இல்லை!

மும்மூர்த்திகளின் கதையில் இன்னொரு விசேஷமும் உண்டு. பிறந்தது திருவாரூர் என்றாலும் மூவரும் கண்ணை மூடியது வேறு வேறு ஊர்களில். தியாகராஜர் வளர்ந்ததும் வாழ்ந்ததும் மறைந்ததும் திருவையாற்றில். சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில். தீட்சிதர் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எட்டயபுரத்தில், ஒரு தீபாவளித் திருநாளில். சியாமா சாஸ்திரி குடும்பம் திருவாரூருக்கு வந்ததே காஞ்சிபுரத்திலிருந்துதான். பங்காரு காமாட்சி விக்ரகத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக வந்து அங்கே தங்கியவர்கள், பிறகு தஞ்சைக்குப் போனார்கள். அன்று காஞ்சியிலிருந்து ஒரு குடும்பம் திருவாரூருக்குப் போனது. இன்று திருவாரூர்ப் பிள்ளைகள் வேலைக்காகக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வருகிறார்கள்.

போவது எப்படி? வண்டலூர் சாலையைப் பிடித்துக் கிளாம்பாக்கம் போனால் பஸ். ரயில் என்றால் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி ராத்திரி தூங்கினால், விடிகிற நேரத்துக்குத் திருவாரூர். வார இறுதியில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

முதலில் குளத்துக்குப் போகலாம். கமலாலயத்தின் கரையில் நிற்கும்போது குளம் என்ற சொல்லே போதாது என்று தோன்றும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது ஊர்க்கணக்கு. ஐந்து வேலி என்றால் ஏறக்குறைய 33 ஏக்கர். நடுவில் தீவு போல ஒரு சிறு கோயில். காற்றடித்தால் படித்துறையில் அலை அடிக்கிறது.

இந்தத் தண்ணீருக்குக் கதைகள் இரண்டு. சுந்தரர் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு, இங்கே வந்து கமலாலயத்தில் எடுத்தாராம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அவருக்கு மட்டும் பலித்திருக்கிறது. எடுத்த பொன்னின் மாற்றை உரசிப் பார்த்துச் சொன்ன பிள்ளையார், மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரில் இன்னும் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு கதை தண்டியடிகள் நாயனாருடையது. பார்வையில்லாத அவர் குளத்தை ஆழப்படுத்த நினைத்தார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிற்றைக் கட்டினார். அதைத் தடவித் தடவியே மண்ணைச் சுமந்து கொட்டினார். கடைசியில் இந்தக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது பார்வை வந்தது என்கிறது பெரிய புராணம்.

தண்ணீர் குணமாக்கும் என்று நம்பிய ஊர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் அப்படி ஓர் ஊர். 1716-ல் அங்கே ஓர் உப்பு ஊற்று தெரியவந்தது. புறாக்கள் வந்து உப்பைக் கொத்தியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று அங்கேயும் ஒரு கதை. அந்தத் தண்ணீரைக் காலையில் எழுந்து டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். வயிற்றைச் சுத்தம் செய்யும், அவ்வளவுதான். நம் வீட்டுப் பாட்டி விளக்கெண்ணெயில் முடித்துவிடுகிற காரியம். ஆனால் 1788-ல் அரசர் மூன்றாம் ஜார்ஜே தண்ணீர் குடிக்க வந்து தங்கியதும் ஊரின் ஜாதகம் மாறிவிட்டது. அழகழகான வீதிகள், தோட்டங்கள், தண்ணீர் குடிப்பதற்கென்றே தூண்கள் வைத்த மாளிகை எல்லாம் எழுந்தன.

அந்த ஊரில் 1874-ல் குஸ்தவ் ஹோல்ஸ்ட் பிறந்தார். அவர் பிறந்த வீட்டை 1975-ல் மியூசியமாக்கினார்கள். அவர் இசை எழுதப் பயன்படுத்திய பியானோ அங்கே இருக்கிறது. சமையலறை, படுக்கையறை எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே வைத்திருக்கிறார்கள். ஹோல்ஸ்ட் நமக்கு அப்படியொன்றும் அந்நியரில்லை. ரிக் வேதத்தைத் தானே மொழிபெயர்த்துப் பாட்டாக்க வேண்டும் என்பதற்காக சமஸ்கிருதம் படித்தவர் அவர். சாவித்திரி கதையை இசை நாடகமாக எழுதியிருக்கிறார். ஆனால் உலகம் அவரை நினைப்பது ஒன்றே ஒன்றுக்காக. அதன் பெயர் ‘கிரகங்கள்’. ஏழு கிரகங்களுக்கு ஏழு இசைத் துண்டுகள். லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் வார விடுமுறைகளில் உட்கார்ந்து அதை எழுதினார். 1914-ல் ஆரம்பித்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின. கையில் நரம்பு வலி வேறு. ஷிப்ட் வேலைக்கு நடுவே எதையாவது கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இனி திருவாரூர்க் கோயிலுக்குள் போகலாம். மற்றக் கோயில்களில் நவக்கிரகங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் நிற்பார்கள். இங்கே ஒன்பது பேரும் ஒரே வரிசையில், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். தியாகேசரிடம் அவர்களுடைய சேட்டை எடுபடவில்லை, அதனால்தான் இப்படி என்பது ஐதீகம்.

ஹோல்ஸ்ட் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் இந்த ஊரில் பிறந்த தீட்சிதரும் கிரகங்களைப் பாடியவர்தான். அவருடைய சீடர் சுத்த மத்தளம் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று வலி. கிரக தோஷம் என்றார்கள். அதற்காகத்தான் நவக்கிரக கீர்த்தனைகள் பிறந்தன என்று சீடர் பரம்பரையில் சொல்லிவருகிறார்கள். ஞாயிறு முதல் சனி வரை, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கீர்த்தனைகள், ஏழு தாளங்களில். ராகு, கேதுவுக்கான பாட்டுகளையும் சேர்த்துப் பாடுகிறார்கள்.

இரண்டு பேர் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஐந்தும் பொது. தீட்சிதரிடம் சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். ஹோல்ஸ்ட் அவர்களை விட்டுவிட்டு, யுரேனஸ், நெப்டியூனைச் சேர்த்துக்கொண்டார். கேட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். ஹோல்ஸ்டின் செவ்வாய் போர்க்களம். ஐந்தைந்தாக எண்ணும் தாளத்தில் பட்டாளம் மிதித்துக்கொண்டு வருகிற மாதிரி பயமுறுத்தும். தீட்சிதரின் அங்காரகனோ சுருட்டி ராகம்; கோபக்காரரை உட்காரவைத்துப் பேசிச் சமாதானப்படுத்துகிற குரல். ஹோல்ஸ்டின் சனி முதுமையைக் கொண்டுவருகிறார். தீட்சிதரின் சனி யதுகுலகாம்போதியில் அசைந்து அசைந்து வருவார், அவசரமே இல்லாமல். அவர் பெயரே மந்தன்தானே!

தீட்சிதர் கோயிலின் எந்தப் பக்கத்தையும் விடவில்லை. கால்களைக் குறுக்காக வைத்து யோக நிலையில் அமர்ந்திருக்கும் கமலாம்பாளுக்கு நவாவரணக் கீர்த்தனைகள். நவராத்திரி ஒன்பது இரவுகளிலும் அவற்றை இன்றும் பாடுகிறார்கள். நீலோத்பலாம்பாளுக்குத் தனித் தொகுப்பு, தியாகேசருக்குத் தனி. மும்மூர்த்திகளின் வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஏனென்றால் இப்போது இருப்பவை நினைவில்லங்களாகப் புதுப்பிக்கப்பட்டவை. செல்ட்டன்ஹாம் போலப் பழைய அடுப்பையும் கட்டிலையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. தீட்சிதர் விஷயத்தில் மியூசியம் என்றால் கோயில்தான். அவர் எந்தச் சன்னதி முன்னால் நின்று பாடினாரோ அந்தச் சன்னதி அங்கேயே இருக்கிறது. பாட்டும் கையில் இருக்கிற போனில் இருக்கிறது. பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, இயர்போனில் அந்தந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அந்தந்தச் சன்னதிக்குப் போகலாம். பாட்டின் மொழி புரியாவிட்டாலும் ராகம் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்.

அதற்காக வீடுகளைத் தவறவிடவும் வேண்டாம். சின்னத் தெருக்கள். கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால்கூடப் போதும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதுதான் இந்தக் குழந்தைகள் எவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் பிறந்தார்கள் என்பது கால் கணக்கில் புரியும். வருடாவருடம் மும்மூர்த்திகள் ஜெயந்தி விழாவும் இந்த ஊரில் நடக்கிறது. அதற்குக் கூடும் கூட்டம் திருவையாறு ஆராதனையின் பக்கத்தில்கூட வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீட்சிதர் இளைஞராக இருந்தபோது குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தது. ஒரு செல்வரின் ஆதரவில் பிழைப்புக்காக வந்து தங்கிய இடம் அது. அங்கேதான் கோட்டை பேண்டு வாத்தியத்தில் வெள்ளைக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று சங்கீதம் கற்கும் சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்களே, அவைதான். அதில் ஒன்று ‘சந்ததம் பாஹிமாம்’. மெட்டு இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டினுடையது. அன்றைய அரசர் யார்? செல்ட்டன்ஹாமுக்குத் தண்ணீர் குடிக்கப் போன அதே மூன்றாம் ஜார்ஜ். அவரை வாழ்த்திய மெட்டில் திருவாரூர்ப் பிள்ளை அம்பாளைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரர்களிடமிருந்து வயலினையே வாங்கிக்கொண்டுவிட்டார். இன்று கச்சேரி மேடையில் வயலின் இருக்கிறதென்றால் அவருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பிறந்த ஊரில் கிடைக்காத சிலது, பிழைக்க வந்த ஊரில் அகப்படத்தான் செய்கிறது.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் வீதி சுற்றுவதற்கும் வைத்துக்கொண்டு, சாயந்திரம் மறுபடி உள்ளே போய்விட வேண்டும். திருவாரூர் சாயரட்சை தவறவிடக் கூடாத ஒன்று. தேவர்களே அந்த நேரத்துக்கு வந்து கூட்டத்தோடு நிற்கிறார்கள் என்பது நம்பிக்கை. ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் இந்தக் கோயிலின் பொக்கிஷங்களில் ஒன்று. தீட்சிதரின் சீடர் தம்பியப்பன் வாசித்த சுத்த மத்தளமும் இங்கே ஒலித்த வாத்தியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருவாரூர் பிளாட்பாரத்தில் மறுபடியும் அதே தோள்பைகள். இந்தத் தடவை உள்ளே முறுக்கும் ஊறுகாயும் ஏறியிருக்கும். திங்கட்கிழமைக்கு உரிய சந்திரன் கீர்த்தனை அசாவேரி ராகத்தில் இருக்கிறது. தாம்பரம் வருவதற்குள் இரண்டு தடவை கேட்டுவிடலாம்.