48 மணி நேரக் கணக்கு

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர் முதலில் மறக்க வேண்டியது மாதக் கணக்கை. அங்கே வீட்டு வாடகை வாரக் கணக்கில் பேசப்படுகிறது. சம்பளம் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வங்கியில் விழுகிறது. படிப்புக் காலத்தில் எவ்வளவு நேரம் வேலை பார்க்கலாம் என்று விசா விதிப்பதும் இரண்டு வாரக் கணக்கில்தான்: 48 மணி நேரம். மெல்பர்னிலோ சிட்னியிலோ நான்கு மாணவர்கள் ஒரு சமையலறையில் கூடினால், இந்த எண் பேச்சில் வராமல் போவது அரிது.

ஆஸ்திரேலியாவுக்கு ஆசிய மாணவர்கள் போகத் தொடங்கியது இப்படிக் கட்டணம் கட்டியும் மணிக்கணக்கு பார்த்தும் அல்ல. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ், அடுத்த ஆண்டு முதல் இலங்கை, இந்தியா, மலாயா போன்ற நாடுகளின் மாணவர்கள் உதவித்தொகையில் அங்கே படித்தார்கள். பட்டம் பெற்றதும் ஊர் திரும்பி நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1980களின் நடுவில் அரசு கொள்கையை மாற்றி, முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்களை அனுமதித்தது. உதவியாக இருந்தது வியாபாரம் ஆயிற்று. இன்று இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயு ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசப்படும் ஏற்றுமதி, கல்வி. மாணவர் எண்ணிக்கையில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம்.

மாணவர் விசாவின் எண் 500. அதற்கான விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆக ஏறியது. அடுத்த ஜூலையில் 2,000 ஆயிற்று. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. கல்லூரி தரும் சேர்க்கை உறுதிச் சான்று, படிப்பு முடியும்வரைக்குமான மருத்துவக் காப்பீடு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவற்றோடு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதையும் காட்ட வேண்டும். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதில் சேராது. பல வீடுகளில் இந்தப் பணம் நிலத்தின் மேல் வாங்கிய கடன். வட்டி அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. விமானம் ஏறும் முன்பே 48 மணி நேரத்தின் மேல் ஒரு பாரம் ஏறிவிடுவது இப்படித்தான்.

விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் பரீட்சை பெட்டிக்குள் இருக்கும் சாப்பாட்டுக்கு. தீவுக் கண்டமான ஆஸ்திரேலியா தன் பயிர்களையும் கால்நடைகளையும் அயல்நாட்டு நோய்களிலிருந்து காத்துக்கொள்வதில் மிகக் கண்டிப்பானது. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, ஊறுகாய், விதைகள், இனிப்பு எல்லாவற்றையும் பயணி அட்டையில் ‘ஆம்’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் உப்புக்கண்டமும் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அறிவித்தால் நட்டம் பொருளோடு முடியும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலருக்கு எகிறும். விமானத்தில் கொடுத்த ஆப்பிளை மறந்துபோய்ப் பையில் வைத்திருந்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

வீடு கிடைப்பது அடுத்த பாடு. மெல்பர்ன் நகரத்தின் தென்கிழக்கே உள்ள கிளேட்டன் இதற்கு நல்ல உதாரணம். 1961இல் முதல் மாணவர்களைச் சேர்த்த மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தெருக்களில் பழைய செங்கல் வீடுகள் அறை அறையாக மாணவர்களுக்கு விடப்படுகின்றன. மூன்று படுக்கையறை வீட்டின் ஹாலில் ஒரு திரைச்சீலையைக் கட்டி, அதன் பின்னால் மெத்தை போட்டு, அதையும் ஓர் அறைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். குளியலறை ஒன்றே ஒன்று. காலை எட்டு மணி வகுப்புக்காரர் ஆறு மணிக்கே குளித்துவிட வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம்.

முறையாக வாடகைக்கு எடுத்தால் நான்கு வார வாடகையை முன்பணமாகக் கொடுப்பது வழக்கம். ‘பாண்ட்’ என்று பெயர். நம் ஊர் அட்வான்ஸ் போல அது வீட்டுக்காரர் பையில் இருப்பதில்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இதற்கென்றே உள்ள ஓர் அரசு அமைப்பிடம் கட்டப்பட வேண்டும். குடிபோகும் நாளில் சுவர்க் கீறல், கம்பளக் கறை, உடைந்த கைப்பிடி என்று வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று தரப்படும். சோம்பல் பட்டு அதைப் படிக்காமல் விட்டவர்கள், காலி செய்யும்போது தாங்கள் போடாத கறைக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள். வீட்டைப் பார்க்காமலே புகைப்படத்தை நம்பிப் பணம் அனுப்பி ஏமாறுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்பர்ன் நகரத்துக்குள் பனி பெய்வதில்லை என்று கேள்விப்பட்டு மெல்லிய ஸ்வெட்டரோடு வருகிறவர்கள், அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் அதிகம் நடுங்குகிறார்கள். பழைய வீடுகளின் சுவர் குளிரைத் தடுப்பதில்லை. ஹீட்டரை விடிய விடியப் போட்டால் மின்கட்டணம் சுடும்.

கல்வியாண்டு பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்கி நவம்பரில் முடிகிறது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் ஹண்டிங்டேல் நிலையத்தில் ரயிலை விட்டிறங்கி, சில நிமிடங்களுக்கு ஒன்றாக வரும் 601ஆம் எண் பேருந்தில் மோனாஷ் வளாகத்துக்குப் போய்ச் சேரலாம். வகுப்பில் புதியவரைத் திகைக்க வைப்பது பாடமல்ல, பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ‘சார்’ என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட, முதல் சில வாரங்கள் எதுவும் சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறவர்கள் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பு குறைவு. ட்யூட்டோரியல் வகுப்பில் வாயைத் திறந்து வாதாட வேண்டும். ஒப்படைக்கும் கட்டுரைகள் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கப்படும். பிறர் எழுதிய ஒரு பத்தியை மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தாண்டால் விசாரணைக்கு நிற்க வேண்டும். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் போதும் என்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் ஒரு பாடத்தில் தோற்றால் அதற்கான ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்தை மறுபடியும் கட்ட வேண்டும் என்பதால், இரவு வேலையில் சம்பாதித்தது அந்த ஒரு தோல்வியில் கரைந்துவிடும்.

வேலை தேடும் முன் வரிக் கோப்பு எண்ணை இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது. 2025 ஜூலை 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். மாணவர்கள் பெரும்பாலும் சேரும் ‘கேஷுவல்’ வேலைக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. அதற்கு ஈடாக 25 சதவீதம் கூடுதலாகச் சேர்த்து, மணிக்கு 31.19 டாலருக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் பல தொழில்களில் இன்னும் கூடுதல். இது போக, முதலாளி சம்பளத்தின் 12 சதவீதத் தொகையை ஓய்வூதிய நிதியில் கட்ட வேண்டும். நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும் மாணவர் கணிசமான வரி பிடித்தம் போக அதைத் திரும்பப் பெறலாம். இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாமல் ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி அந்த 48. முன்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம் என்று இருந்த உச்சவரம்பு, பெருந்தொற்றுக் காலத்து ஆள் பற்றாக்குறையால் கொஞ்ச காலம் விலக்கப்பட்டு, 2023 ஜூலை 1 முதல் 48 ஆகத் திரும்பி வந்தது. செமஸ்டர் விடுமுறையில் வரம்பு கிடையாது. முதுநிலை ஆய்வு, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் வரம்பே இல்லை. மற்றவர்கள் சறுக்குவது ‘இரண்டு வாரம்’ என்பதற்கான விளக்கத்தில். எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கினாலும் அடுத்த 14 நாளும் ஒரு கணக்கு. முதல் வாரம் 15 மணி நேரம், இரண்டாம் வாரம் 33 மணி நேரம் என்றால் கூட்டினால் 48, சரி. மூன்றாம் வாரம் 20 மணி நேரம் பார்த்தால் அது 48இல் பாதிக்கும் குறைவுதானே என்று தோன்றும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் 53. விசா நிபந்தனை அங்கே உடைந்துவிட்டது. சம்பளச் சீட்டுகளை வைத்து இதைக் கண்டுபிடிப்பது அரசுக்குக் கடினமல்ல.

வேலைகளின் பட்டியல் நீளமில்லை. பெட்ரோல் நிலையக் கல்லா, சூப்பர்மார்க்கெட்டில் இரவில் அலமாரி அடுக்குவது, அலுவலகச் சுத்தம், முதியோர் இல்லம், உணவகச் சமையலறை. உணவகத்தில் தொடக்கநிலைக்காரர் நிற்குமிடம் பாத்திரம் கழுவும் தொட்டி. வழுக்காத கறுப்புக் காலணி, முழங்கைவரை ஈரம், ஆவி கக்கும் இயந்திரத்திலிருந்து இழுத்தவுடன் விரலைச் சுடும் தட்டுகள். வெள்ளி இரவு கடைசி வாடிக்கையாளர் போனபின் அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, தரையைக் கழுவி, குப்பையைப் பின்சந்தில் தள்ளி முடிப்பதற்குள் பேருந்து நின்றுவிடுகிறது. ஊரில் தன் தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை என்று வீட்டார் சொல்லிச் சிரிப்பது வீடியோ அழைப்பில்.

பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை வேறு ரகம். நேர்காணல் கிடையாது, செயலியை இறக்கினால் போதும். ஆனால் அதைச் செய்பவர் ஊழியர் அல்ல, சொந்தத் தொழில்காரர் என்பது சட்டக் கணக்கு. ஆகவே குறைந்தபட்ச ஊதியம் அவருக்கு எட்டாமல் போயிற்று. 2020 இறுதியில் இரண்டு மாத இடைவெளிக்குள் இப்படி ஐந்து பேர் சாலையில் இறந்தார்கள். செயலி வழி உழைப்பவர்களுக்கும் குறைந்தபட்சத் தரங்களை விதிக்க நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் கொடுத்த சட்டப்பிரிவு 2024 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் இருக்கும் சம்பளம் எல்லோர் கைக்கும் வருவதில்லை. ஒரு பெரிய சில்லறைக் கடைத்தொடரின் கிளைகளில் மாணவர்களின் பாதி நேரத்துக்கு மட்டும் கணக்கெழுதி ஏமாற்றியது 2015இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கும் வித்தையும் அப்போது அம்பலமாயிற்று. சிறிய கடைகளில் கதை இன்னும் எளிது. கையில் காசு, சீட்டு கிடையாது, மணிக்குச் சட்டம் சொல்வதில் பாதி. முதலாளி சில நேரம் நம் மொழி பேசுகிறவர்தான். “தம்பி, நம்ம பையன்னுதான் வேலை கொடுத்திருக்கேன்” என்று தொடங்கும் பேச்சு, சம்பளம் கேட்ட அன்று “உனக்குத்தான் விசா பிரச்சினை வரும், பாத்துக்கோ” என்று முடியும். படிப்பைக் காக்கவென்று போட்ட 48 மணி நேர வரம்பு, கொஞ்சம் தாண்டிவிட்ட மாணவரின் வாயை அடைக்கும் பூட்டாகவும் ஆகிவிட்டது. விதியை வகுத்தவர்களின் நோக்கம் அதுவல்ல. ஆனால் அதனால் ஆதாயம் அடைந்தவர் மாணவரில்லை, குறைத்துக் கொடுத்தவர்.

இதை அரசும் தாமதமாக ஒப்புக்கொண்டது. விசா நிலையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றம். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம். சுரண்டலைப் பற்றிப் புகார் தருபவரின் விசா ரத்தாகாமல் காக்கும் ஏற்பாடும் நிபந்தனைகளோடு இருக்கிறது.

கெட்ட காலங்களும் வந்து போயின. 2009இல் மெல்பர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது, மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் நகர வீதிக்கு வந்தார்கள். ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தின் முன் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள் பலர். 2020இல் எல்லை மூடப்பட்டபோது வேலையிழந்த மாணவர்களுக்கு மத்திய அரசின் ஊதிய உதவித் திட்டம் பொருந்தவில்லை. தங்களைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் ஊருக்குப் போகலாம் என்று பிரதமரே சொன்னார். அந்த மாதங்களில் பசியாற்றியவை பெரும்பாலும் தொண்டு அமைப்புகளும் கோயில் குருத்துவாராச் சமையலறைகளும்.

ஆறுதலும் பக்கத்திலேயே உண்டு. டான்டனாங்கிலும் கிளேட்டனிலும் இலங்கை, இந்திய மளிகைக் கடைகளில் பச்சரிசி மாவிலிருந்து மாசிக் கருவாடு வரை கிடைக்கும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு வார இறுதியில் போனால் சாமியும் கும்பிடலாம், தமிழும் பேசலாம். அந்தத் தமிழுக்கு வேறொரு பயனும் இருக்கிறது. படிப்பு முடிந்து நிரந்தர வசிப்புரிமைக்குப் புள்ளி சேர்க்கிறவர்களுக்கு, ‘நாட்டி’ என்ற அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில் தமிழில் தேறினால் 5 புள்ளி கிடைக்கிறது.

இப்போதே அங்கே வேலை பார்க்கும் மாணவர்களுக்கு ஒன்று. வேலை பார்த்த நாளையும் நேரத்தையும் தினமும் கைப்பேசியில் எழுதி வையுங்கள், ரோஸ்டரைப் படமெடுத்து வையுங்கள். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டியது முதலாளியின் கடமை. குறைத்துக் கொடுத்த பணத்தை ஆறு ஆண்டுகள் வரை கோர முடியும். தொழிலாளர் குறைகளைக் கேட்கும் ஃபேர் ஒர்க் அலுவலகத்தின் எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால் 13 14 50ஐ அழைத்துத் தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள்.