இழை எண்ணும் ஊசி

ஊட்டிக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு ஏறி, வர்க்கி வாங்கி, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார்கள். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. எனக்கு இறங்கும் அவசரம் இல்லை. கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவனை உள்ளூர் நண்பர், "எம்பிராய்டரி பத்திக் கேட்டீங்களே, வாங்க" என்று தோடர் பழங்குடியினரின் மந்து ஒன்றுக்கு அழைத்துப் போனார்.

மந்து என்பது நாலைந்து வீடுகள்தான். புல்சரிவில் வளைந்த கூரையோடு ஒரு கோயில். வீடுகளெல்லாம் இப்போது காங்கிரீட். வெயில் விழும் வாசலில் ஓர் அக்கா கெட்டி வெள்ளைத் துணியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். துணியிலேயே சிவப்பு, கறுப்புப் பட்டைகள் நெய்யப்பட்டிருந்தன. பட்டைகளுக்கு நடுவில்தான் பூவேலை. அவர்கள் மொழியில் புகூர்.

வட்டச் சட்டம் இல்லை, பென்சில் கோடு இல்லை, மாதிரித் தாளும் இல்லை. ஊசி முனையால் துணியின் இழைகளை எண்ணுகிறார், கோத்த கம்பளி நூலை நுழைக்கிறார், சுண்டி இழுக்காமல் சின்ன வளையமாக விட்டுவிடுகிறார். தைப்பது துணியின் உள்பக்கத்தில். அந்த வளையங்கள் புடைத்து நிற்கும் பக்கமே பார்வைக்கு எடுப்பு. எருமைக் கொம்புக் கோலத்துக்கு எத்தனை இழை தள்ள வேண்டும் என்று விளக்கினார். பாதியில் தொலைந்துபோனேன். அவரோ என்னோடு பேசிக்கொண்டே எண்ணினார்.

"எருமை மேய்க்கப் போற எடத்துல அம்மா சொல்லிக்கொடுத்தது தம்பி. அப்ப வீட்டுச் சொத்தே எருமைதான்." மேய்ச்சல் புல்வெளிகளில் அரசாங்கமே சீகையும் கற்பூர மரமும் நட்டது. புல் போனதும் எருமை குறைந்தது. இப்போது கணவர் கேரட் போடுகிறார். இவர் கையில் ஊசி. கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டதாம்.

தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து? இதே கோலத்தை அச்சடித்த சால்வை பஜாரில் தொங்குகிறது. தரகர் நூல் கொடுக்கிறார், அதைக் கணக்கில் கழிக்கிறார், துணி கொடுக்கிறார், அதையும் கழிக்கிறார். மிச்சத்துக்குப் பெயர் கூலி. "எங்ககிட்ட வரும்போது கூலி பேசறாங்க, கடைக்குப் போனா விலை பேசறாங்க" என்றார் அக்கா. கண் நோக உட்கார்ந்தவருக்குக் கூலி, வண்டியில் ஏற்றிப் போனவருக்கு லாபம். இந்த அநியாயத்துக்கு நாமும் உடந்தை. நகரத்துக் கடையில் ஒட்டியிருக்கிற விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, மந்து வாசலில் வந்துதானே பேரம் பேசுகிறோம்?

அக்கா மடியில் இருந்தது பூத்துக்குளி, ஆணும் பெண்ணும் போர்த்துகிற சால்வை. இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். நண்பர் முழங்கையால் இடித்தார். வீட்டில் மூத்தவர் ஒருவருக்காக அக்கா தைத்துவைக்கிறார். தோடர்கள் இறந்தவரைப் பூவேலை செய்த பூத்துக்குளியில்தான் சுற்றி அனுப்புவார்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு வேற ஒண்ணு போட்டுத் தர்றேன். மழை முடிஞ்சு வாங்க. அவசரம்னா பஜார்ல அச்சடிச்சது இருக்கு" என்றார். முன்பணம் கொடுத்தேன். நூலுக்கு ஆகிற அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.